ஏவிஎம் வழியா, எம்.சிடி.எம். வழியா?

ஒரே மூச்சில் பல ஊரில் கடை திறப்பதா, கைக்கு எட்டிய இடத்தில் சின்னதாகத் தொடங்குவதா? காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிற எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரில் ஒரே நாளில் கதவைத் திறந்தார். கேட்டாலே சிலிர்க்கும்தான், ஆனால் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் செட்டிநாட்டு ஆட்களின் வரவுசெலவு பர்மாவில் தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருந்தது, வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துதான் போயிருக்கிறார்.

ஏ.வி. மெய்யப்பன் கதை வேறு. அப்பா கடையில் கிராமபோன் தட்டு விற்றவர், 1935இல் எடுத்த படங்கள் கையைச் சுட்டும் விடவில்லை. போர்க்காலச் சிரமத்தில் சென்னையை விட்டு காரைக்குடிப் பக்கம் வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கினார். கோடம்பாக்கம் எல்லாம் அப்புறம்தான்.

நான் சிதம்பரம் செட்டியாரைப் பார்த்து ஆசைப்பட்டு, விசாரிக்காமலே தேவகோட்டையில் கிளை போட்டேன். சீப்புச் சீடையும் மணகோலமும் டின்னிலேயே நமுத்துப் போயின. ஆச்சி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார், பேசாமல் டின்னை மூடினார். மறுமாதம் நானும் கடையை மூடினேன். இப்போதைக்கு நான் மெய்யப்பன் கட்சி.