டேப்லட்டோடு ஊருக்குப் போனால்: சிக்னல் உண்டு, ஓடிபிதான் வராது

வெளிநாட்டிலிருந்து வந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கி கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை என்று ஊர்ப்பக்கம் போய் வருகிறவர்களுக்கு அலைவரிசைப் பஞ்சம் கிடையாது. நெடுஞ்சாலை நெடுகிலும் 4ஜி இருக்கிறது, நகரங்களில் 5ஜி இருக்கிறது, சொந்தக்காரர் வீடுகளில் பெரும்பாலும் ஃபைபர் லைன் வந்துவிட்டது. டேப்லட்காரர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஊரில் எந்தப் பொது வைஃபையைத் தொட்டாலும் முதலில் ஒரு மொபைல் எண்ணைக் கேட்கும், அடுத்து ஓடிபி கேட்கும். டேப்லட்டுக்குப் பெரும்பாலும் எண்ணே இல்லை. எண் இருக்கிற டேப்லட்டிலும் அந்த எஸ்எம்எஸ்ஸைத் திறந்து பார்க்க வழி இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது, நவி மும்பையில் யாரோ ஒருவர் வீட்டில் பூட்டில்லாமல் கிடந்த வைஃபை வழியாக மிரட்டல் மின்னஞ்சல் போனது. அதன்பின் 2009ல் தொலைத்தொடர்புத் துறை, பொது இடத்து வைஃபையை யார் பயன்படுத்துகிறார்கள் என்ற அடையாளம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த அடையாளம்தான் இன்று ஓடிபியாக வருகிறது. காபிக் கடைக்காரரிடம் “பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்களேன்” என்று கேட்டுப் பயனில்லாத இடங்கள் இதனால்தான் அதிகம்.

செல்லுலார் ஐபேட் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சிம் போட்டால் அதில் டேட்டா ஓடும், ஆனால் சாதாரண எஸ்எம்எஸ்ஸைக் காட்டும் வசதி அதற்கு இல்லை. மெசேஜஸ் செயலி ஐமெசேஜுக்கானது. கூடவே ஐஃபோன் இருந்து அதிலிருந்து தள்ளிவிட்டால்தான் எஸ்எம்எஸ் அங்கே தெரியும். ஆகவே ஊர் சிம்மை ஐபேடுக்குள் போட்டுவிட்டு ஓடிபிக்காக உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டியதுதான். சிம் இடம் உள்ள ஆண்ட்ராய்டு டேப்லட்டுகள் பலவற்றில் எஸ்எம்எஸ் வரும். ஆனாலும் ஊரில் வாங்கும் சிம்மை எந்தக் கருவியில் போடுவது என்பதில் எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஃபோன் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், ஊர் சிம்மை அதில் போட்டு, ஹாட்ஸ்பாட் திறந்து டேப்லட்டை அதில் சேருங்கள். எண் ஃபோனில் இருக்கும், ஓடிபி அங்கே வரும், பெரிய திரை இங்கே இருக்கும்.

அந்தப் பழைய ஃபோன் கேரியர் பூட்டு (ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் பூட்டு) இல்லாததாக இருக்க வேண்டும். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய ஃபோன் விற்கத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் தவணையில் வாங்கியது என்றால் பணம் கட்டி முடியும்வரை பூட்டு இருக்க வாய்ப்பு அதிகம். ஐஃபோனிலும் ஐபேடிலும் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். “நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்” என்று இருந்தால் கவலையில்லை.

அடுத்து பேண்ட், அதாவது ஃபோனோ டேப்லட்டோ, சிம் போடும் கருவி எடுக்கும் அலைவரிசைப் பட்டை. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது. 4ஜி பேண்ட் 3, 5, 40 ஆகியவற்றில் ஓடுகிறது. ஏர்டெல் 4ஜி பேண்ட் 1, 3, 8, 40 ஆகியவற்றில். அண்மைக்கால ஐபேடுகளும் நல்ல ரக சாம்சங்குகளும் பெரும்பாலும் இவை எல்லாவற்றையும் எடுக்கும். வட அமெரிக்காவில் கேரியர் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு டேப்லட்டுகளில்தான் பேண்ட் 40 இருக்காது, சிலவற்றில் 3ம் இருக்காது. அப்படிப்பட்டது, ஊரில் கோடு காட்டினாலும் டேட்டாவில் தொங்கலாம். 850 மெகாஹெர்ட்ஸான பேண்ட் 5 சுவரை நன்றாக ஊடுருவும். கிராமத்து வீட்டுக்குள் உயிர் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். மாடல் எண்ணை வைத்துக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சிம் வாங்குவது எப்படி

2024 ஜனவரி 1 முதல் காகிதப் படிவம் எடுக்கப்பட்டுவிட்டது. கடைக்காரர் தன் செயலியில் உங்களை நேரடியாகப் படம் பிடித்து, ஆவணத்தையும் படம் பிடித்து ஏற்றுவார். இந்தியக் கடவுச்சீட்டும் ஆதாரும் உள்ள என்ஆர்ஐக்கு வேலை சுலபம், ஆதாரை வைத்தே முடிந்துவிடும். ஆனால் ஆதாரோடு இணைத்த எண் பல வருடத்துக்கு முன் விட்டுப்போன சிம்மாக இருந்தால் ஆதார் ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும். ரீசார்ஜ் இல்லாமல் விட்ட எண் சில மாதங்களில் ரத்தாகி, வேறொருவர் கைக்கே போயிருக்கலாம். அப்போது கைரேகை வைத்துச் செய்யும் வழியைக் கடையில் கேளுங்கள்.

ஓசிஐ அட்டைக்காரர்கள் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) வெளிநாட்டவர் பட்டியலில்தான் வருவார்கள். ஆதார் எடுக்க முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும் என்பதால் விடுமுறைக்கு வருகிறவருக்கு அந்த வழி அடைபட்டது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, ஓசிஐ அட்டை அல்லது விசா, ஊரில் தங்கும் முகவரி, உள்ளூர் ஆள் ஒருவரின் மொபைல் எண் ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். சரிபார்க்கும் ஓடிபி அந்த உள்ளூர் ஆளின் எண்ணுக்கும் வரலாம். ஆகவே சித்தப்பாவின் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் போதாது. சித்தப்பாவே வர வேண்டும், அல்லது ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்க வேண்டும். தெருமுனை ரீசார்ஜ் கடைக்கு வெளிநாட்டவர் பதிவு செய்யும் அனுமதி பெரும்பாலும் இருக்காது, “சிஸ்டம் எடுக்கலைங்க” என்பார். நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்கே போங்கள், காலையிலேயே போங்கள். சிம் உயிர்பெறச் சில மணி நேரம் ஆகலாம்.

திட்டங்கள் நாள் கணக்கில் வரும். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு, நாளுக்கு 2 ஜிபி, 28 நாள் என்ற வகை சுமார் 350 முதல் 400 ரூபாய்க்குள் இருந்தது. இந்த நாள் கணக்கு ஹாட்ஸ்பாட்காரருக்கு எமன். டேப்லட்டுக்குத் தான் ஃபோன் டேட்டாவில் இருப்பது பல நேரம் தெரியாது, வீட்டு வைஃபை என்று நினைத்துக்கொண்டு கல்யாணப் படங்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றும், சிஸ்டம் அப்டேட்டையும் இறக்கும். மதியத்துக்குள் 2 ஜிபி காலியாகி வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்தால் வாட்ஸாப் எழுத்துச் செய்தி போகும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும். நள்ளிரவு 12 மணிக்குத்தான் மறுபடி அளவு கூடும். முதல் வேலையாக, ஐபேடில் அந்த வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘ஐ’ குறியைத் தொட்டு லோ டேட்டா மோடைப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் அதே இடத்தில் நெட்வொர்க்கை மீட்டர்டு என்று மாற்றுங்கள். வெளிநாட்டு அட்டையால் ரீசார்ஜ் செய்தால் பல நேரம் பணம் போகாமல் திரும்பும். மச்சான் யூபிஐயில் போட்டுவிட்டு ரொக்கம் வாங்கிக்கொள்வதே வழக்கம்.

ஹாட்ஸ்பாட் தெரியவில்லை என்பது அடுத்த புகார். ஐஃபோனில் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்போதுதான் பழைய டேப்லட்டின் கண்ணில் படும். “மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி”யைப் போட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், எட்டும் தூரமும் கூடும். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் சிறிது நேரம் யாரும் சேராவிட்டால் ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணைத்துவிடும், அதற்கான நேரக்கெடுவை எடுத்துவிடுங்கள். 5ஜி விளிம்பில் உள்ள ஊர்களில் ஃபோன் 4ஜிக்கும் 5ஜிக்கும் இடையே தாவித் தாவி பேட்டரியைத் தின்னும். 4ஜியிலேயே நிறுத்திவிட்டால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் தொடர்பு நிலைக்கும். சித்திரை வெயிலில் கார் டாஷ்போர்டில், சார்ஜும் ஏறிக்கொண்டு ஹாட்ஸ்பாட்டும் ஓடினால் ஃபோன் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் நிழலில் வையுங்கள்.

இசிம் (தனி அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே அமையும் சிம்) பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2024ல் வந்த ஐபேட் ஏர், ஐபேட் புரோ ஆகியவற்றில் சிம் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். ஊர் நிறுவனத்தில் சாதா சிம்மை இசிம் ஆக்க, ஏற்கெனவே ஓடும் அந்த சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். ஜியோவில், கருவியின் அடையாள எண்களான 32 இலக்க இஐடியையும் 15 இலக்க ஐஎம்இஐயையும் சேர்த்து 199 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் ஒரு ஃபோன் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மாற்றி முடித்தபின் அந்த எண்ணின் எஸ்எம்எஸ் ஐபேடுக்குள் போய்ப் புதைந்துவிடும். பயணிகளுக்கென விற்கும் வெளிநாட்டு இசிம்மில் அடையாளத் தொல்லை இல்லை, இறங்கிய உடனே டேட்டா ஓடும். ஆனால் அதில் இந்திய எண் இருக்காது, ஆகவே ஓடிபியும் இல்லை. போக்குவரத்து வேறு நாட்டின் வழியே போவதால் சில இந்தியத் தளங்கள் உங்களை வெளிநாட்டில் இருப்பவராகவே பார்க்கும். 2024 ஜனவரியில் இத்தகைய இரண்டு செயலிகளை இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது அரசு. வாங்குவதாக இருந்தால் வெளிநாட்டிலிருந்தே வாங்கி, நிறுவிக்கொண்டு வாருங்கள்.

ரயில் நிலைய வைஃபை

எழும்பூர், திருச்சி, மதுரை போன்ற நிலையங்களில் ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் நடத்தும் ரெயில்வயர் வைஃபை உண்டு. நாளுக்கு முதல் 30 நிமிடம் 1 எம்பிபிஎஸ்ஸில் இலவசம், அதற்கு மேல் வேண்டுமானால் கட்டணத் திட்டம். நடைமேடையோடு சரி, ஓடும் ரயிலில் இதை எதிர்பார்க்க வேண்டாம். ரெயில்வயர் என்ற பெயரில் சேர்ந்து, திறக்கும் நுழைவுப் பக்கத்தில், சட்டைப்பையில் உள்ள ஃபோனின் எண்ணைப் போட்டு, அங்கே வரும் ஓடிபியை டேப்லட்டில் தட்டலாம். எண் எந்தக் கருவியில் இருக்கிறது என்பதை அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ஓடிபி தாமதமானால் ரீசெண்டை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். புதியதைக் கேட்ட நொடியே பழையது பெரும்பாலும் செல்லாது, தாமதமாக வந்து சேரும் பழையதெல்லாம் செல்லாக் காசு.

சேர்ந்துவிட்டது, பக்கம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் தவறு டேப்லட்டிலேயே இருக்கிறது. இணையப் போக்குவரத்தை மறைக்கவோ திசைதிருப்பவோ செய்யும் விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ், ஐகிளவுட் பிரைவேட் ரிலே மூன்றும் அந்த நுழைவுப் பக்கத்தை மறைக்கலாம். அணைத்துவிட்டு, பிரவுசரில் ‘எஸ்’ இல்லாத எச்டிடிபி முகவரி ஒன்றைத் தட்டினால் பக்கம் எட்டிப் பார்க்கும். உள்ளே போனபின் மறக்காமல் விபிஎன்னைத் திரும்பப் போடுங்கள். காலையில் உள்ளே விட்ட ஹோட்டல் வைஃபை மறுநாள் மறுபடி ஓடிபி கேட்டால், டேப்லட் தன் மேக் முகவரியை (வைஃபைக்குத் தன்னை அடையாளம் காட்டும் எண்ணை) மாற்றிக்கொண்டிருக்கலாம். ஐபேடில் அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் பிரைவேட் வைஃபை அட்ரஸை ஃபிக்ஸ்டு என்று வையுங்கள். ஓர் அறைக்கு இரண்டு கருவி என்று வரம்பு வைத்திருக்கும் ஹோட்டல்களில் முகவரி மாறினால் மூன்றாவது கருவியாகக் கணக்கிட்டு வெளியே தள்ளும், ரிசப்ஷனில் சொல்லிப் பழையதை நீக்கச் சொல்ல வேண்டும்.

சொந்தக்காரர் வீட்டு ஃபைபர்

இங்கே ஓடிபி இல்லை, பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும். வேகமும் நன்றாகவே இருக்கும். தொல்லை பெட்டி இருக்கும் இடத்தில். கேபிள்காரர் கயிறு எந்த ஜன்னல் வழியே உள்ளே வந்ததோ அங்கேயே, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், பெட்டியை வைத்துவிட்டுப் போயிருப்பார். பழைய வீட்டுச் சுவரும் கான்கிரீட் தளமும் 5 கிகாஹெர்ட்ஸை விடாது; மாடி அறையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரிலேயே சேருங்கள். வட அமெரிக்காவில் வாங்கிய டேப்லட்டுக்கு வீட்டு வைஃபை பெயரே தெரியவில்லை, மற்ற எல்லா ஃபோனுக்கும் தெரிகிறது என்றால் ரூட்டர் ஓடும் வைஃபை சேனல் எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு, அமெரிக்கக் கருவிகள் சில 11க்கு மேல் தேடாது. ரூட்டரில் ஆட்டோவை எடுத்து 1, 6, 11ல் ஒன்றை வைத்தால் தெரியும்.

கரண்ட் போனதும் வைஃபையும் போகும் வீடுகளில், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடினால் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் பெட்டி செருகிய பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. ஃபேன், லைட்டுக்கு மட்டும் இழுத்துவிட்டு பிளக் பாயிண்ட்டை விட்டிருப்பார் எலக்ட்ரீஷியன். லைட் சுவிட்ச் போர்டில் உள்ள 5 ஆம்ப் பாயிண்ட்டில் செருகிப் பார்க்கலாம். இல்லையென்றால் ரூட்டருக்கென விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி மாட்டலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கிப் பல மணி நேரம் நீளும், முந்தைய நாள் நாளிதழில் ஊர்ப் பெயரோடு போட்டிருப்பார்கள்.

பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, ஒளியே வரவில்லை என்று பொருள். பீரோவை நகர்த்தும்போது மெல்லிய மஞ்சள் கயிறு மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், கூர்மையாக மடிந்தாலே போதும். அது சரியாக இருந்தால் தெருவில் அறுந்திருக்கிறது, லைன்மேனுக்கு ஃபோன் போட வேண்டியதுதான். ஃபைபர் தொடர்பைக் காட்டும் ‘பான்’ (PON) விளக்கு அசையாமல் பச்சையாக இருந்தும் நெட் இல்லை என்றால் மட்டும் அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் மாதக் கட்டணம் முடிந்திருக்கும், அண்ணியிடம் நாசூக்காகக் கேளுங்கள்.

டேப்லட் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா செவ்வகப் பின்னும் வட அமெரிக்கத் தட்டைப் பின்னும் மட்டும் ஊர் பாயிண்ட்டில் பெரும்பாலும் போகாது. எலக்ட்ரிகல் கடையில் மாற்று பிளக் கிடைக்கும்.

திரும்பும்போது அந்த எண்ணைத் தூக்கிப் போடுவதா என்ற கேள்வி வரும். வங்கிக் கணக்கோ ஆதாரோ அதில் இணைத்திருந்தால் போடக் கூடாது. விமானம் ஏறும் முன், ஊர் சிக்னலில் இருக்கும்போதே, நிறுவனத்தின் செயலியில் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். வெளியே போனபின் திறக்கப் போனால் அதற்கும் ஓடிபி கேட்கும். வேலிடிட்டி முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் குறைந்தபட்ச ரீசார்ஜ் ஒன்றைப் போடும்படி மச்சானிடம் சொல்லிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.