மேற்பரப்பு அலையா, பின்னோக்கு அலையா?

கோவை, ஈரோடு பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஸ்பின் அலையை (காந்தப் பொருளில் அணுக்களின் காந்தத் திசை தள்ளாடி, அந்தத் தள்ளாட்டம் அலைபோலப் பரவுவது) எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் வரும் கேள்வி இது. இரண்டுக்கும் இட்ரியம் இரும்பு கார்னெட் என்ற காந்தப் பொருளின் மெல்லிய படலம் ஒன்றே போதும். காந்தப்புலத்தைப் படலத்தின் தளத்துக்குள் எந்தத் திசையில் வைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

அலை போகும் திசைக்குச் செங்குத்தாக வைத்தால், டேமன், எஷ்பாக் என்ற இயற்பியலாளர்கள் 1961-ல் விளக்கிய மேற்பரப்பு அலை கிடைக்கும். ஒரு திசையில் போகும்போது மேல்பக்கத்தை ஒட்டிப் போகும், எதிர்த்திசையில் அடிப்பக்கத்தை. படலத்தின்மேல் இரண்டு ஆன்டெனா வைத்து அளந்தால் போகிற சிக்னல் பலமாகவும் திரும்பி வருவது மெலிந்தும் தெரியும். புலத்தைத் திருப்புங்கள், அப்படியே மாறிவிடும். அதைத் திரையில் பார்ப்பது அவ்வளவு அழகு!

புலம் அலை போகும் திசைக்கு இணையாக இருந்தால் பின்னோக்கு அலை. ஆற்றல் ஒரு பக்கம் போக, முகடுகள் எதிர்ப்பக்கம் நகரும். சரி, இதுவும் அருமைதான். ஆனால் தடிமன் முழுக்கப் பரவியிருப்பதால் மேற்பரப்பைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும். முதலாவதையே எடுங்க கண்ணுகளா.