வகை மாறும் இசைத் தயாரிப்பாளர்: விருப்பத்துக்காகவா, வருவாய்க்காகவா?

மின்னணு இசையில் ஒரு வகையில் பெயர் பெற்றவர் வேறொன்றுக்கு மாற எண்ணும்போது, உந்துவது ஆசையா வருமானமா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

கற்கும் உழைப்பு: நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 துடிப்புகளில் செல்லும் ஹவுஸ் என்னும் நடன இசை வகையிலிருந்து, ஏறக்குறைய 174 துடிப்புகளில் விரையும் டிரம் அண்ட் பேஸ் வகைக்கு மாறுபவர், வேகத்தை மட்டுமன்றி, உடைந்து விழும் தாளத்தையும் பேஸ் என்னும் தாழ்சுர ஒலியை வடிவமைக்கும் முறையையும் புதிதாகப் பழக வேண்டும். விருப்பத்தால் வருபவருக்கு, ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய செவியே பாதி வேலையைச் செய்துவிடும். வருவாய்க்காக வருபவர் ஆயத்த ஒலித்தொகுப்புகளை நம்பி விரைவில் வெளியிடலாம். ஆனால் அதே தொகுப்பை வாங்கிய பலரின் ஆக்கத்தைப் போலவே அவருடையதும் ஒலிக்கும்.

வருமானம்: விருப்பத்தால் மாறினால் தாமதமாக வரும், வராமலும் போகலாம். வருவாய்க்காக மாறினால் விரைவில் வரலாம், அலை ஓய்ந்தால் நின்றுவிடும்.

பழைய ரசிகர்கள்: காரணம் எதுவாயினும் முணுமுணுப்பார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இசைத்த டச்சு டிஜே டியெஸ்டோ, பின்னாளில் தமக்குப் பெயர் தந்த டிரான்ஸ் என்னும் மின்னணு இசை வகையை விட்டு ஹவுஸ், பாப் பக்கம் நகர்ந்தபோது, பழைய ரசிகர் பலர் வருந்தினாலும் புதிய கூட்டம் பெருகியது.

வேறு வருமானம் உடையவருக்கு விருப்ப வழியே பொருந்தும். இசையே பிழைப்பு என்பவர் சந்தை வகையை வேறு புனைபெயரில் செய்து பார்ப்பது, என் கருத்தில், இழப்புக் குறைந்த வழி.