மருந்து தாமதமாகப் பலன் தந்தால், இடைக்கால அலசலுக்கு எந்த முறை?

புற்றுநோய்க்கான நோயெதிர்ப்பு மருந்துகள் பல, உடனே பலன் காட்டுவதில்லை. 2015-இல் வெளியான செக்மேட் 057 நுரையீரல் புற்றுநோய் ஆய்வில், முதல் சில மாதங்களுக்கு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பெற்ற தரப்பின் உயிர்வாழ்வுக் கோடு, டோசிடாக்செல் என்ற கீமோதெரபி மருந்து பெற்ற தரப்புக்குக் கீழேதான் கிடந்தது. ஏழாவது மாதத்தை ஒட்டித்தான் கோடுகள் வெட்டிக்கொண்டன. கடைசியில் உயிர்வாழ்வின் இடைநிலை அளவு 12.2 மாதம், எதிர்த்தரப்பில் 9.4. இப்படிப்பட்ட மருந்தை இடைக்கால அலசலில், அதாவது ஆய்வு முடியும் முன்பே தரவைப் பார்த்து, அவசரப்பட்டு எடைபோட்டால், நல்ல மருந்தையே பாதியில் கைவிட நேரும்.

ஆகவே "பலனில்லை, நிறுத்திவிடலாம்" என்று முடிவெடுக்கும் விதியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வியாண்ட் விதி எளிமையானது: எதிர்பார்த்த மரணங்களில் பாதி பதிவானதும் பார், அபாய விகிதம் (எதிர்த்தரப்போடு ஒப்பிட்டால் புது மருந்துத் தரப்பில் மரணம் நேரும் வேகம் எத்தனை மடங்கு என்பது) 1-ஐத் தாண்டியிருந்தால் நிறுத்து. பலன் முதல் நாளிலிருந்தே சீராக இருந்தால் இதனால் ஆய்வின் திறன், அதாவது உண்மையான பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, அதிகம் குறையாது. ஆனால் நோயாளிகள் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கும்போது, அந்தப் பாதி மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சையின் தொடக்க மாதங்களில் நடந்தவையாக இருக்கலாம். மருந்து வேலை செய்யத் தொடங்காத காலத்தை வைத்தே அதற்குத் தீர்ப்பு எழுதுவதாகிவிடும்.

புள்ளியியலாளர்கள் கார்ன், ஃப்ரீட்லின் இருவரும் இந்த விதிக்கு 2018-இல் சொன்ன திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. பாதி மரணங்கள் மட்டும் போதாது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது, நோயாளி ஆய்வில் சேர்ந்து 3 மாதம் கழிந்த பிறகு நடந்திருக்க வேண்டும். ஆய்வின் இடைக்காலத் தரவைப் பார்க்கும் கண்காணிப்புக் குழுவில் உள்ள மருத்துவர்களுக்கும் இது உடனே புரியும். குறை என்னவென்றால், அலசல் தள்ளிப்போகும். மருந்து உண்மையிலேயே தீங்கானது என்றால் அதுவரை நோயாளிகள்தான் அதைச் சுமக்க வேண்டும். அதனால் தீங்கைக் கவனிக்கத் தனி விதி ஒன்று கட்டாயம் வேண்டும். நிபந்தனைத் திறன், அதாவது இதுவரை வந்த தரவை வைத்துப் பார்த்தால் ஆய்வு கடைசியில் வெற்றி பெறும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடும் முறையும் உண்டு. இதுவரை வந்த போக்கே நீடிக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால் அது தாமத மருந்துக்கு அநியாயம் செய்யும். தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், எவ்வளவு தாமதம் என்ற ஊகம் சரியாக இருக்க வேண்டும்.

சரி, பலன் உண்டு என்று நிரூபிக்க எந்தச் சோதனை? இரு தரப்பின் உயிர்வாழ்வை ஒப்பிடும் வழக்கமான லாக்-ரேங்க் சோதனை எல்லா மரணங்களுக்கும் ஒரே எடை தருவதால், தாமதம் இருந்தால் திறன் இழக்கும். ஃப்ளெமிங்-ஹாரிங்டன் (0,1) சோதனை பிந்தைய மரணங்களுக்கு அதிக எடை தந்து அதை ஈடுகட்டுகிறது. ஆனால் தொடக்கத்தில் எடை கிட்டத்தட்ட சுழியம் என்பதால், ஆரம்பத்தில் அதிகம் பேரைப் பலிகொண்ட மருந்துகூட வென்றதாகத் தோன்றலாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. இதுபோன்ற பல சோதனைகளில் பெரிய மதிப்பை எடுக்கும் மேக்ஸ்கோம்போவிலும் இந்தச் சோதனை இடம்பெறுவதால், அதே கவலை அங்கேயும் தொடர்கிறது. 2019-இல் மகிர், பர்மன் முன்வைத்த மிதமான எடை லாக்-ரேங்கில் எடை 1-இல் தொடங்கி ஓரளவு ஏறி நின்றுவிடும். எந்த மரணமும் கணக்கிலிருந்து விடுபடாது. என் தேர்வு இதுதான்.

எந்த எடையைத் தேர்ந்தாலும், ஓ'பிரையன்-ஃப்ளெமிங் எல்லையை (இடையில் வெற்றி என்று அறிவிக்க மிக வலுவான சான்று கேட்கும் வரம்பை) வைக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிந்தைய மரணங்களுக்கு அதிக எடை தரும் சோதனையில், பாதி மரணங்கள் வந்துவிட்டால் பாதித் தகவல் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பொதுவாக அதைவிடக் குறைவாகவே வந்திருக்கும். மரண எண்ணிக்கையை அப்படியே தகவல் பங்காக (மொத்தத் தகவலில் இதுவரை வந்த பங்காக) எடுத்துக்கொண்டால், அந்த இடைக்கால அலசலில் அனுமதிக்க வேண்டியதைவிட அதிக ஆல்ஃபாவை, அதாவது பலனற்ற மருந்தைத் தவறாக வென்றதாகச் சொல்ல அனுமதித்த வாய்ப்பை, செலவழித்துவிடுவோம்.