ஜெர்மன் பெயர், ஆசியத் தயாரிப்பு: ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்

சைக்கிள் டயரில் ஷ்வால்பே என்று பெரிதாகப் போட்டிருக்கும், ஓரத்தில் பார்த்தால் இந்தோனேசியா அல்லது வியட்நாம் என்று இருக்கும். உடனே ‘டூப்ளிகேட்டா?’ என்ற சந்தேகம் வரும். இல்லை, அசல்தான். 1973-லிருந்தே இந்த ஜெர்மன் கம்பெனிக்கு டயர் செய்து தருவது கொரியாவின் ஹங்-ஆ. பிறகு இருவரும் சேர்ந்து இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் தொழிற்சாலை போட்டார்கள். இத்தாலியின் விட்டோரியாவும் தாய்லாந்தில்தான் தயாராகிறது. மேக்ஸிஸ், சிஎஸ்டி இரண்டுமே தைவானின் செங் ஷின் கம்பெனியுடையவை.

நாட்டின் பெயருக்கு ஓரளவு அர்த்தம் இருப்பது கான்டினென்டலில்தான். அவர்களின் ‘பிளாக் சில்லி’ ரப்பர் கலவை ஜெர்மனியின் கோர்பாக் ஆலையில் மட்டும் தயாராவது. விலை குறைந்த ரகங்கள் ஆசியாவிலிருந்து, அந்தக் கலவை இல்லாமல் வருகின்றன. அங்கேயும் நாம் பார்ப்பது எந்த ரகம் என்பதைத்தான். ஒரே பிராண்டின் மேல் ரகத்துக்கும் அடிமட்ட ரகத்துக்கும் உள்ள தூரம், இரண்டு பிராண்டுகளின் நடு ரகங்களுக்கு இடையே கூட இருக்காது.

இனி மாரத்தான் பிளஸ். தரையில் படும் ரப்பருக்கு அடியில் 5 மி.மீ. தடிமனுக்கு மெத்தென்ற இன்னொரு ரப்பர் பட்டை ஓடுகிறது. காசு கொடுப்பது இதற்குத்தான். நெருஞ்சி முள், கண்ணாடிச் சில்லு, லாரி டயரிலிருந்து உதிரும் கம்பித்துண்டு எல்லாம் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். சீமைக் கருவேல முள் வேறு விஷயம்: நீளமானது, நேராக ஏறினால் பட்டையையும் தாண்டும். பக்கச் சுவரில் இந்தப் பட்டை கிடையாது. அங்கே கிழிந்தால் மற்ற டயரின் கதிதான்.

விலையை விட எடை உறுத்தும். 37-622 அளவில், அதாவது 37 மி.மீ. அகலத்தில், ஒரு டயர் 900 கிராமை ஒட்டி வரும். ரேஸ் சைக்கிளுக்கான கான்டினென்டல் ஜிபி5000, 25 மி.மீ. அகலத்தில், 215 கிராம்தான். சிக்னலில் நின்று நின்று மிதிக்கும்போது வித்தியாசம் காலுக்குத் தெரியும். தினமும் வேலைக்குப் போக, சுமை ஏற்றிப் போக மாரத்தான் பிளஸ் சரி. ஞாயிற்றுக்கிழமை வேகமாக ஓட்டுவதற்கு இதைப் போடுவது வீண்.

மாட்டுவது கொஞ்சம் மல்லுக்கட்டு. டயரின் ஒரு பக்க விளிம்பை ரிம்மில் முழுக்க ஏற்றிவிட்டு, டியூபை லேசாகக் காற்றடித்து உள்ளே வையுங்கள். அடுத்த விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வில் முடியுங்கள். ஏற்றிய பகுதி ரிம்மின் நடுப்பள்ளத்தில் கிடந்தால்தான் கடைசி ஒரு சாண் ஏற இடம் கிடைக்கும். அது நழுவிக்கொண்டே இருந்தால் பழைய டியூபை நாடாவாக வெட்டி ரிம்மோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவலாம். ஸ்க்ரூடிரைவர் மட்டும் வேண்டாம், டியூப் கிழியும். காற்றடித்ததும் ரிம்மை ஒட்டியுள்ள மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தை இழுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

அளவு தப்பினால் எந்த பிராண்டும் உதவாது. ‘26 இஞ்ச்’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 26×1.95 என்பதன் விளிம்பு விட்டம் 559 மி.மீ.; 26×1 3/8 என்றால் 590. ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. பழைய டயரில் 37-622 என்பது போல இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம்.

பால்காரர், தபால்காரர் ஓட்டும் 28×1½ சைக்கிளுக்கு, அதாவது 40-635-க்கு, லூதியானாவின் ரால்சன் போன்ற உள்ளூர் டயரே போதும். எந்தக் கடையிலும் கிடைக்கும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

டிபிஐ எண்ணை, அதாவது டயர் துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதை, வைத்து பிராண்டுகளை ஒப்பிடும்போது கவனம். ஜிபி5000-ல் 330 என்பது 110 இழையுள்ள மூன்று அடுக்கின் கூட்டல். ஷ்வால்பே ஒரே அடுக்கைத்தான் கணக்கிடுகிறது. அதனால் அவர்களின் 67 அப்படி ஒன்றும் மட்டமில்லை.

கடையில் டயரைக் கையில் வாங்கிப் பக்கச் சுவரை மடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் அது வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நெடுநாள் தொங்கியது. பிராண்ட் எதுவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்பி விளிம்பு டயர் என்றால் தரையில் படுக்க வைத்து, கம்பி எங்காவது மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மடங்கிய கம்பி நேராகாது; மாட்டினால் சக்கரம் சுற்றும்போது டயர் அந்த இடத்தில் தூக்கித் தூக்கிப் போடும்.

ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் புதியதை முன் சக்கரத்தில் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றிவிடுங்கள். பின் டயர்தான் சீக்கிரம் தேயும், ஆனால் ஓடும்போது முன் டயர் போனால் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.