பெத்தோலஜிஸ்டுக்கு 5 ஸ்டார், கவுண்டருக்கு 1

அப்பாவோட புரொஸ்டேட் பயாப்சிய (கென்சரான்னு பாக்க எடுத்த சதைத் துண்டுகள) கண்டியில ஒரு பிரைவேட் லேப்ல குடுத்தோம், பேரு வேணாம். ஹட்டன்ல முத பஸ் புடிச்சு போனா கவுண்டர்ல இருந்த புள்ள "இன்னும் வரல, நாளைக்கு வாங்க"ன்னு சாதாரணமா சொல்லுது, ஒரு கோல் எடுத்திருந்தா பஸ் காசும் என்னோட ஒருநாள் பேரும் (நாள் சம்பளம்) மிஞ்சியிருக்கும்.

ஆனா ரிப்போர்ட் சூப்பர். நூல் மாதிரி 12 துண்டு, ஒவ்வொண்ணுலயும் எத்தனை வீதம் கென்சர்னு தனித்தனியா எழுதியிருக்காங்க. கென்சர் எவ்வளவு மோசம்னு சொல்ற கிளீசன் மார்க் 3+4=7 (கூடுதலா இருக்குற வகையோட நம்பர் முதல்ல), அதாவது 1லருந்து 5 வரைக்கும் உள்ள கிரேட் குரூப்ல 2. அதே 7 வந்து 4+3ன்னா குரூப் 3, இன்னும் மோசமாம். மைக்ரோஸ்கோப்ல பாத்து ரிப்போர்ட் எழுதுன பெத்தோலஜிஸ்ட் டொக்டரே வெளிய வந்து பேப்பர்ல கீறி காட்டுனாரு, 1960கள்ல கிளீசன்னு ஒரு அமெரிக்க பெத்தோலஜிஸ்ட் போட்ட கணக்காம், அப்பா "சோதனை மார்க்ஸ் மாதிரில்ல கூட்டுறாங்க"ன்னு சிரிச்சாரு. வேற டொக்டர்கிட்ட காட்டணும்னா ரிப்போர்ட் மட்டும் பத்தாது, சிலைடையும் (துண்ட வச்சு மைக்ரோஸ்கோப்ல பாக்குற கண்ணாடி) கேட்டு வாங்கிக்கங்க.