ஹோலிஹெட், ஃபிஷ்கார்டு, கெய்ர்ன்ரயன்: கடல் வழியே அயர்லாந்து போக எது தேவலை?

விமானம் ஏறாமல் பிரிட்டனிலிருந்து அயர்லாந்து போக நினைப்பவர்கள் முதலில் மொத்தம் எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்கிறார்கள். எப்படிப் போனாலும் ஒரு பகல் போய்விடும், அதை விடுங்கள். ரயில் நிற்கிற இடத்துக்கும் கப்பல் நிற்கிற இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், பெட்டியோடு அதை எப்படிக் கடக்கப்போகிறீர்கள் என்று பாருங்கள்.

அந்த விஷயத்தில் வடமேற்கு வேல்ஸ் துறைமுகமான ஹோலிஹெட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. லண்டன் யூஸ்டனிலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரம், நேர் ரயில் கிடைக்காவிட்டால் க்ரூவிலோ செஸ்டரிலோ மாற வேண்டும், இறங்கினால் ஸ்டேஷனை ஒட்டியே கப்பல் கவுண்டர். பெரிய பெட்டியை அங்கேயே கொடுத்துவிடலாம். வண்டி இல்லாமல் வருபவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி, லாரிகள் நிற்கிற தளத்துக்குள்ளேயே கொண்டுபோய் இறக்குவார்கள், அங்கிருந்து மேலே ஏறினால் உட்காரும் இடம். கடலில் மூன்றேகால் மணி நேரம். டப்ளின் துறைமுகத்திலிருந்து ஊருக்குள் போக பஸ். ரயிலும் கப்பலும் சேர்ந்த செய்ல்ரெயில் டிக்கெட்டையே வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி, ரயில் தாமதமாகிக் கப்பல் போய்விட்டால் அது உங்கள் பாடு. இன்னொன்று, செஸ்டர் தாண்டியதும் வலது பக்க ஜன்னல். கடல் கூடவே வரும், கான்வி கோட்டைச் சுவரை உரசுகிற மாதிரி ரயில் போகும். அந்த ஜன்னலுக்காகவே இந்த வழியில் போகலாம் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. 2024 டிசம்பரில் டாரா புயல் ஹோலிஹெட் துறைமுகத்தைச் சேதப்படுத்தியதில் கிறிஸ்துமஸ் நேரம் முழுக்க அங்கே கப்பல் இல்லை, 2025 ஜனவரி நடுவில்தான் மறுபடி தொடங்கியது. குளிர்காலத்தில் போனால் மறுநாளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தென்மேற்கு வேல்ஸில் உள்ள ஃபிஷ்கார்டிலும் ஸ்டேஷன் துறைமுகத்திலேயே இருக்கிறது, ஆனால் ரயில்கள் குறைவு, கப்பலும் குறைவு. மறுகரையில் ராஸ்லேரில் இறங்கினால் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், டப்ளின் ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது, அப்புறம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெக்ஸ்ஃபோர்டு பக்கம் போகிறவர்களுக்கு, தெற்கு வேல்ஸில் இருப்பவர்களுக்குச் சரி. லண்டனிலிருந்து டப்ளினுக்கு இந்த வழி வேண்டாம்.

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்ரயன் கதை வேறு, அங்கிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்குக் கப்பல். முன்பு பக்கத்து ஊரான ஸ்ட்ரான்ரார் வரை ரயில் போய்க் கப்பல் பக்கத்திலேயே நிற்கும். 2011-இல் கப்பல் கெய்ர்ன்ரயனுக்கு இடம் மாறியது, அங்கே ரயில் பாதையே கிடையாது. அதனால் கிளாஸ்கோவிலிருந்து ஏர் (Ayr) என்ற ஊர் வரை ரயில், அங்கிருந்து பஸ், பிறகு இரண்டேகால் மணி நேரக் கப்பல், பெல்ஃபாஸ்ட்டில் மறுபடி பஸ். இத்தனை ஏறி இறங்கினாலும் ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் ஹோலிஹெட் வரை கீழே வருவதைவிட இது மேல். கடல் பயணமும் இதில்தான் குறைவு, கப்பலில் குமட்டல் வருகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். 2024-இல் திறந்த பெல்ஃபாஸ்ட் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனில் பஸ்ஸும் டப்ளின் ரயிலும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள். பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தது என்பதால் பிரிட்டன் விசாவே போதும். டப்ளினுக்கோ ராஸ்லேருக்கோ பொதுவாக அயர்லாந்து விசா தனியாக வேண்டும். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து ரயிலில் எல்லை தாண்டி டப்ளின் போனாலும் அதே விதிதான், வழியில் யாரும் கேட்காவிட்டாலும்.